தண்ணீர் போகும் வழியில் ஒரு நடை

(பெங்களூரு தொம்மலூரில், புதிதாகப் படிக்கக் கற்றவர்களுக்காக ஆற்றிய உரை)



முதலில் ஒரு கேள்வி. பெங்களூரில் ஆறு இருக்கிறதா?

பலர் இல்லை என்று தலையாட்டுவீர்கள். சிலர் காவிரி என்பீர்கள். காவிரி பெங்களூரில் ஓடவில்லை. அது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது. பெரிய பெரிய பம்புகள் அந்தத் தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுகின்றன. குழாய் வழியாக அது ஊருக்குள் வருகிறது. முதல் காவிரித் திட்டம் 1974இல் பெங்களூருக்குத் தண்ணீர் கொடுத்தது.

இப்போது இரண்டாவது கேள்வி. அந்தத் தண்ணீரில் அரிசி களைகிறீர்கள். துணி துவைக்கிறீர்கள். பாத்திரம் கழுவுகிறீர்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது?

"சாக்கடைக்குப் போகிறது" என்பீர்கள். சரி. சாக்கடை எங்கே போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டுமா? வீட்டில் உட்கார்ந்தால் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து கிளம்ப வேண்டும். தண்ணீர் போகும் வழியிலேயே நடக்க வேண்டும். இந்தப் பேச்சு அந்த நடையைப் பற்றியதுதான்.

மேடும் பள்ளமும்

பெங்களூரு மேட்டில் இருக்கும் ஊர். கடல் மட்டத்துக்கு மேலே 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரு வீட்டின் கூரையை நினைத்துப் பாருங்கள். மழை பெய்தால் கூரையின் இரண்டு பக்கமும் தண்ணீர் வழியும். பெங்களூரும் அப்படித்தான்.

மேற்குப் பக்கம் விழும் மழை விருஷபாவதி என்ற ஓடை வழியாகப் போகும். அர்க்காவதி ஆற்றில் சேரும். பிறகு காவிரியில் கலக்கும்.

கிழக்குப் பக்கம் விழும் மழை வேறு வழியில் போகும். தொம்மலூர் கிழக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே விழும் மழை பெல்லந்தூர் ஏரிக்குப் போகிறது. அங்கிருந்து வர்த்தூர் ஏரிக்குப் போகிறது. பிறகு தட்சிண பினாகினி ஆற்றில் சேர்கிறது.

தட்சிண பினாகினி எந்த ஆறு? பெயர் புதிதாக இருக்கிறதா? உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஆறுதான் அது. தமிழ்நாட்டில் அதன் பெயர் தென்பெண்ணை.

இப்போது யோசித்துப் பாருங்கள். தொம்மலூர் வீட்டுக்குள் தண்ணீர் காவிரியாக வருகிறது. வெளியே போகும்போது தென்பெண்ணைக்குப் போகிறது. இரண்டு ஆறுகளுக்கு நடுவில் ஒரு சமையலறை இருக்கிறது!

கல்வெட்டு சொல்லும் கதை

தொம்மலூரில் சொக்கநாதசுவாமி கோயில் இருக்கிறது. பெயரைக் கேட்டால் சிவன் கோயில் போலத் தோன்றும். உள்ளே இருப்பவர் பெருமாள். பெங்களூரின் மிகப் பழைய கோயில்களில் இதுவும் ஒன்று. இந்தக் கோயிலில் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. இந்த ஊரின் பழைய பெயர் தொம்பலூர். தேசிமாணிக்கப்பட்டணம் என்ற பெயரும் இருந்தது.

ஒரு கல்வெட்டு ஒரு தானத்தைப் பற்றிச் சொல்கிறது. ஓர் ஊரையும் ஓர் ஏரியையும் கோயிலுக்குக் கொடுத்தார்களாம். ஏரியை ஏன் தானமாகக் கொடுக்க வேண்டும்? ஏரி இருந்தால் வயல் விளையும். வயல் விளைந்தால் வருமானம் வரும். அந்தக் காலத்தில் ஏரி ஒரு பெரிய சொத்து.

பெங்களூரில் ஆறு ஓடவில்லை. அதனால் முன்னோர்கள் ஏரிகளை வெட்டினார்கள். கெம்பே கவுடர் 1537இல் பெங்களூரு நகரை அமைத்தார். அவர் காலத்திலும் ஏரிகள் வெட்டப்பட்டன. ஓர் ஏரி நிறைந்தால் தண்ணீர் கால்வாய் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்த ஏரிக்குப் போகும். ஏரிகள் சங்கிலி போல இருந்தன. சங்கிலியின் கண்ணிகளை இணைத்தவை கால்வாய்கள். பெரிய கால்வாயைக் கன்னடத்தில் ராஜகாலுவே என்பார்கள். தமிழில் ராஜகால்வாய் என்று சொல்லலாம்.

ஏரிகள் எங்கே போயின?

நகரம் வளர்ந்தது. வீடு கட்ட இடம் தேவைப்பட்டது. பஸ் நிற்க இடம் தேவைப்பட்டது. ஏரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின.

மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் எத்தனையோ முறை இறங்கியிருப்பீர்கள். அந்த இடம் ஒரு காலத்தில் தர்மாம்புதி ஏரி. கண்டீரவா விளையாட்டு அரங்கம் இருக்கும் இடம் சம்பங்கி ஏரி. கோரமங்கலத்தில் தேசிய விளையாட்டுக் கிராம அடுக்குமாடி வீடுகள் நிற்கும் இடமும் ஏரிதான். செல்லகட்டா ஏரி கோல்ஃப் மைதானம் ஆனது. தொம்மலூர் ஏரி வீட்டுமனைகள் ஆனது.

ஏரி போய்விட்டது. ஆனால் மழை போகவில்லை. மழைக்குத் தன் பழைய வழி தெரியும். 2022 செப்டம்பரில் பெருமழை பெய்தது. பெல்லந்தூர், யமலூர்ப் பகுதிகளில் தெருக்கள் ஆறாக மாறின. ஜனங்களைப் படகிலும் டிராக்டரிலும் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஏழை வீடு, பணக்கார வீடு என்று தண்ணீர் பார்க்கவில்லை.

கால்வாய்க் கரையில் ஒரு பாதை

தொம்மலூரிலிருந்து கோரமங்கலம் போகும் உள்வட்டச் சாலை உங்களுக்குத் தெரியும். அந்தச் சாலை ஒரு பெரிய கால்வாயைத் தாண்டிப் போகிறது. பஸ்ஸில் போகும்போது பலர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அதுதான் மெஜஸ்டிக் பக்கமிருந்து வரும் ராஜகால்வாய். சாந்திநகர், கோரமங்கலம் வழியாக வந்து பெல்லந்தூர் ஏரியில் விழுகிறது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் நீளம் உள்ள கால்வாய் இது.

இந்தக் கால்வாயைச் சுத்தமாக்கும் வேலை 2021 வாக்கில் நடந்தது. அந்தத் திட்டத்துக்கு கே-100 என்று பெயர் வைத்தார்கள். யோசனை என்ன? வீட்டுக் கழிவுநீர் கால்வாயில் விழக்கூடாது. அதைத் தனிக் குழாயில் திருப்ப வேண்டும். மழைநீரும் சுத்தம் செய்த நீரும் மட்டும் கால்வாயில் ஓட வேண்டும். கரையில் ஜனங்கள் நடக்கப் பாதை வேண்டும். உட்கார இடம் வேண்டும். செடி கொடி வேண்டும். சாந்திநகர் பஸ் நிலையத்தின் அருகே அப்படி ஒரு பாதை அமைந்தது.

"சாக்கடைக் கரையில் யார் நடப்பார்கள்?" என்று சிலர் கேட்டார்கள். தென்கொரியா நாட்டில் சியோல் என்ற பெரிய நகரம் இருக்கிறது. அங்கும் நகரின் நடுவே ஓர் ஓடை இருந்தது. அது சாக்கடை ஆனது. அதன்மேல் சிமெண்ட் போட்டு மூடினார்கள். மேலே மேம்பாலமும் கட்டினார்கள். 2003இல் அந்த மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கினார்கள். 2005இல் ஓடையைத் திறந்துவிட்டார்கள். ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளத்துக்கு நடைபாதை போட்டார்கள். இன்று மாலை வேளையில் குடும்பம் குடும்பமாக அங்கே நடக்கிறார்கள்.

ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. சியோல் ஓடையில் ஓடும் தண்ணீரில் பெரும்பகுதி பம்பு வைத்துக் கொண்டுவரும் தண்ணீர். அதற்குச் செலவு ஆகிறது. ஒருமுறை கெட்டுப்போன ஓடையைத் திரும்பப் பெறுவது லேசான வேலை இல்லை. கெடாமல் காப்பதுதான் லேசு.

முதல் ஞாயிறு: நடை

ஆற்றுக்குக் கூட்டமாகப் போவது தமிழ் ஜனங்களுக்குப் புதிதல்ல. ஆடிப்பெருக்கு அன்று சித்திரான்னம் கட்டிக்கொண்டு காவிரிக் கரைக்குப் போவார்கள். கடலூர், விழுப்புரம் பக்கம் தை 5ஆம் நாள் ஆற்றுத் திருவிழா நடக்கும். சாமிகளைத் தென்பெண்ணைக் கரைக்குக் கொண்டுவருவார்கள். ஊரே ஆற்று மணலில் கூடும். பெங்களூருக்கு வந்த பிறகு அந்தப் பழக்கம் விட்டுப்போனது. அதை வேறு விதமாகத் தொடரலாம்.

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தால் போதும். காலை 6 மணிக்குத் தொம்மலூர் பஸ் நிறுத்தத்தில் கூடலாம். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு பொட்டலம் புளிச்சோறு போதும். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும். குழுவுக்கு ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். இதை மறக்கக் கூடாது. ஏன் என்று பிறகு தெரியும்.

கிளம்பும்போது தலைகளை எண்ணுங்கள். திரும்பும்போதும் எண்ணுங்கள். கால்வாய்ச் சுவர்மேல் குழந்தைகள் ஏறக்கூடாது. மழை பெய்யும் நாளில் கால்வாய்ப் பக்கமே போகக்கூடாது. மேலே எங்கோ பெய்யும் மழை சில நிமிடங்களில் வெள்ளமாக வந்துவிடும்.

சாந்திநகருக்குப் பஸ்ஸில் போங்கள். இறங்கிக் கால்வாய் ஓரமாக நடங்கள். பாதை இருக்கும் இடத்தில் பாதையில் நடங்கள். பாதை முடியும் இடத்தில் தெருவுக்கு வாருங்கள். அடுத்த பாலத்தில் மறுபடியும் கால்வாயைப் பாருங்கள். ஒவ்வொரு பாலத்திலும் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

என்ன பார்க்க வேண்டும்?

தண்ணீர் என்ன நிறம்? வாடை அடிக்கிறதா? சுவரில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டிருக்கிறார்களா? அந்தக் குழாயில் தண்ணீர் ஒழுகுகிறதா? மழை இல்லாத நாளில் ஒழுகினால் அது மழைநீர் இல்லை. கழிவுநீர். குப்பை கொட்டியிருக்கிறார்களா? கொக்கு நிற்கிறதா? என்ன மரம் இருக்கிறது?

பார்த்ததை நோட்டில் எழுதுங்கள். பெரிய எழுத்தில், கூட்டிக் கூட்டி எழுதினாலும் பரவாயில்லை. நாள், இடம், பார்த்தது. இந்த மூன்றும் இருந்தால் போதும். தெருப் பெயர்ப் பலகையைப் படியுங்கள். கன்னடத்தில் இருந்தால் கன்னடம் படிக்கத் தெரிந்தவரைக் கேளுங்கள். தொம்மலூரில் அண்டை வீட்டில் கன்னடம் பேசுகிறவர் இருப்பார். அவரையும் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கால்வாய் எல்லோருக்கும் பொது.

அடுத்த ஞாயிறு: சைக்கிள்

தொம்மலூரிலிருந்து யமலூர் சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். பழைய விமான நிலையச் சாலையில் அதிகாலையில் வண்டிகள் குறைவு. ஒருவர் பின் ஒருவராக, இடது ஓரமாகப் போக வேண்டும். முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவராக இருக்கட்டும்.

"பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுவதா?" என்று யாராவது கேட்கலாம். அவர்களுக்குப் புதுக்கோட்டைக் கதையைச் சொல்லுங்கள்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துக் கற்றுக்கொண்ட பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். வயல் வேலை செய்கிறவர்கள், கல் குவாரியில் வேலை செய்கிறவர்கள், ஆசிரியைகள், நர்சுகள் எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொண்டார்கள்.

முன்பெல்லாம் அவர்கள் பஸ்ஸுக்காகக் காத்திருப்பார்கள். இல்லையென்றால் அப்பாவோ அண்ணனோ கூட்டிப்போக வேண்டும். சைக்கிள் வந்த பிறகு நினைத்த நேரத்தில் கிளம்பினார்கள். தண்ணீர்க் குடத்தையும் சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தார்கள்.

ஆகவே தொம்மலூர்ப் பெண்களும் மிதிக்கலாம். ஓட்டத் தெரியாதவர் பஸ்ஸில் வந்து யமலூரில் சேர்ந்துகொள்ளலாம்.

நுரையும் நெருப்பும்

யமலூர் அருகேதான் பெல்லந்தூர் ஏரியின் தண்ணீர் வெளியேறுகிறது. ஏரியின் பரப்பு சுமார் 900 ஏக்கர். பெங்களூரிலேயே பெரிய ஏரி இதுதான்.

இந்த ஏரி உலகச் செய்தியில் வந்தது. நல்ல செய்தியாக வரவில்லை. 2015இல் நுரை பொங்கிச் சாலைக்கு வந்தது. அதே ஆண்டில் நுரையில் தீயும் பிடித்தது. 2017இல் மறுபடியும் ஏரியிலிருந்து புகை எழுந்தது. 2018 ஜனவரியில் எரிந்த தீயை அணைக்க ஆயிரக்கணக்கான ராணுவ வீரர்கள் வந்தார்கள். தண்ணீரால் தீயை அணைப்பார்கள். இங்கே தண்ணீர் இருக்கும் இடமே எரிந்தது.

நுரை எப்படி வந்தது? வாளியில் சோப்புத் தூள் போட்டுக் கையால் அடித்துப் பாருங்கள். நுரை பொங்கும். ஏரியிலும் அதேதான் நடந்தது. லட்சக்கணக்கான வீடுகளின் சோப்புத் தண்ணீர் சுத்தம் செய்யப்படாமல் ஏரிக்கு வந்தது. அடியில் சேறாகப் படிந்தது. மழை வந்து சேற்றைக் கலக்கியது. மதகில் தண்ணீர் மேலிருந்து கீழே விழுந்தது. நுரை மலையாக எழுந்தது.

பிறகு பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. 2020 முதல் ஏரியின் சேற்றை வாரினார்கள். கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நிலையங்களும் வேலை செய்கின்றன. அப்படிச் சுத்தம் செய்த தண்ணீரை 2018 முதல் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். வறண்டு கிடந்த ஏரிகளில் தண்ணீர் நின்றது. இன்னும் நன்றாகச் சுத்தம் செய்து அனுப்ப வேண்டும் என்று கோலார் மக்கள் கேட்கிறார்கள். அது நியாயமான கேள்வி.

கழிவுநீர் வீண் பொருள் அல்ல. சுத்தம் செய்தால் அது இன்னொருவர் வயலுக்கு உதவும். சுத்தம் செய்யாமல் விட்டால் இன்னொருவர் வயலைக் கெடுக்கும்.

கீழே இருப்பவர்கள் யார்?

யமலூர்க் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். தண்ணீர் அங்கே முடிவதில்லை. வர்த்தூர் தாண்டிப் போகிறது. தட்சிண பினாகினியில் சேர்கிறது. அந்த ஆறு நந்தி மலையில் பிறந்து வருகிறது. பெங்களூரின் தண்ணீரையும் சேர்த்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது.

முதலில் ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. பிறகு கிருஷ்ணகிரி அணை. பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் சாத்தனூர் அணை. பிறகு திருக்கோவிலூர். கடைசியில் கடலூர் அருகே கடல்.

இந்த ஊர்ப் பெயர்களைக் கேட்டதும் சிலர் நிமிர்ந்து உட்காருவீர்கள். தொம்மலூரில் இருக்கும் பலருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அம்மா அங்கே இருப்பார். அண்ணன் அங்கே நெல் நடுவார். தங்கையை அங்கே கட்டிக்கொடுத்திருப்பார்கள்.

மழைக்காலத்தில் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதைச் செய்தித்தாள்கள் பலமுறை படத்தோடு போட்டிருக்கின்றன. அந்த நுரையில் ஒரு பங்கு பெங்களூரு வீடுகளிலிருந்து போனது. ஊருக்குப் போகும்போது பலகாரம் வாங்கிப் போகிறோம். ஆனால் தினமும் அழுக்குத் தண்ணீரையும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

நோட்டு எதற்கு?

இப்போது அந்த நோட்டுக்கு வருவோம்.

வீட்டுத் தண்ணீர் போக இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, தெரு ஓரத்து மழைநீர்க் கால்வாய். மற்றொன்று, பூமிக்கு அடியில் போகும் கழிவுநீர்க் குழாய். கழிவுநீர்க் குழாயில் போவது சுத்தம் செய்யும் நிலையத்துக்குப் போகும். மழைநீர்க் கால்வாயில் விடுவது நேராக ஏரிக்கும் ஆற்றுக்கும் போகும்.

உங்கள் வீட்டுத் தண்ணீர் எதில் சேர்கிறது? திரும்பி வந்ததும் முதலில் இதைப் பாருங்கள். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். தெருவில் கழிவுநீர்க் குழாயே இல்லையென்றால் அது உங்கள் குற்றம் அல்ல. குழாய் போட வேண்டியது குடிநீர் வடிகால் வாரியத்தின் வேலை. குப்பை அள்ள வேண்டியது மாநகராட்சியின் வேலை.

அதை அவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வாயால் சொன்னால் காற்றில் போகும். எழுதிக் கொடுத்தால் பதில் சொல்ல வேண்டி வரும். மனுவில் என்ன எழுதுவது? நோட்டைத் திறங்கள். "இந்த நாள், இந்தப் பாலத்தின் அருகே, மழை இல்லாதபோது, சுவரில் இருந்த மூன்று குழாய்களில் கழிவுநீர் விழுந்தது." இவ்வளவுதான். பார்த்ததை அப்படியே எழுதினால் அதுவே வலுவான மனு. குழுவில் போன எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். போன வருடம் வரை கைநாட்டு வைத்தவர்களும் இப்போது பெயர் எழுதுங்கள். மனு கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். ஒரு நகலைப் பத்திரமாக வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். குழாய்கள் அடைபட்டனவா? அதையும் நோட்டில் எழுதுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியதும் உண்டு. சோப்புத் தூளை அளவாகப் போடுங்கள். எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். பாலிதீன் பையைக் கால்வாயில் வீசாதீர்கள். வீசுகிற பக்கத்து வீட்டாரிடம் சண்டை போட வேண்டாம். அடுத்த ஞாயிறு நடைக்கு அவரையும் கூட்டிப்போங்கள்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த ஊர்க்காரர்கள் ஏரியைச் சொத்து என்று கல்லில் எழுதி வைத்தார்கள். அந்த ஏரி இன்று இல்லை. எழுத்து இருக்கிறது. இன்று தொம்மலூர்க்காரர்களும் எழுதக் கற்றிருக்கிறார்கள். கல் வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

ஞாயிறு காலை 6 மணி. பஸ் நிறுத்தத்தில் கூடுங்கள்.